பத்து வருடம் காத்திருந்து ஒரு புனிதரைத் திருடிய துறவி: கோங்க் தேவாலயத்தின் கதை

(திரையில்: மூடுபனி விலகும் பள்ளத்தாக்கு, நடுவே மூன்று கோபுரங்கள்)

ஒருவர் தன் ஊரை விட்டுக் கிளம்பிப் போய், தூரத்தில் இருக்கும் ஒரு மடத்தில் சேர்கிறார். அங்கேயே உண்டு, உறங்கி, ஜெபம் செய்து, நல்ல பெயர் வாங்கி, பத்து வருடம் இருக்கிறார். கடைசியில் அவரை முழுசாக நம்பி, தங்கள் புனிதரின் கல்லறைக்கே காவலாக வைக்கிறார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் வருகிறது. எல்லாரும் விருந்தில் இருக்கும் நேரத்தில் அவர் கல்லறையை உடைக்கிறார், எலும்புகளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார், சொந்த ஊருக்கு ஓடியே போகிறார்.

திருடியவர் ஒரு துறவி. நடந்தது 866-ஆம் ஆண்டு வாக்கில், பிரான்சின் தெற்கே. இந்தக் கதையை எழுதி வைத்தவர்கள் யார் தெரியுமா? பறிகொடுத்த மடத்துக்காரர்கள் இல்லை. திருடிய மடத்துக்காரர்கள்தான், அதுவும் பெருமையோடு! புனிதரே எங்கள் ஊருக்கு வர ஆசைப்பட்டார், இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்பது அவர்கள் வாதம்.

அந்த ஊரின் பெயர் கோங்க். அந்தப் புனிதர் சாந்த் ஃபுவா. இன்றைக்கு நாம் பார்க்கப் போகும் தேவாலயத்தின் ஒவ்வொரு கல்லும் அந்தத் திருட்டுப் பையிலிருந்து வந்தது என்றே நான் சொல்வேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

முன்கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 8-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற தனித்துறவி இந்த மலைப்பள்ளத்துக்கு வந்து தங்கினார். அவரைச் சுற்றி ஒரு மடம் உருவானது. அருகில் ஃபிஜாக் என்ற ஊரில் போட்டியாக இன்னொரு மடம் வளர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு மடம் பிழைக்க வேண்டுமென்றால் யாத்திரிகர்கள் வர வேண்டும். அவர்கள் வர வேண்டுமென்றால் உள்ளே ஒரு புனிதரின் திருப்பண்டம், அதாவது அவருடைய எலும்பு போல ஏதாவது, இருக்க வேண்டும். கோங்க்கிடம் பேர் சொல்லும்படி எதுவும் இல்லை. ஃபுவாவின் எலும்புகள் அஜான் என்ற ஊர் மடத்தில் இருந்தன. அவ்வளவுதான் காரணம்.

சரி, யார் இந்த ஃபுவா? 303-ஆம் ஆண்டு வாக்கில், ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில், தன் மதத்தைக் கைவிட மறுத்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுமி. ஃபுவா என்றால் விசுவாசம் என்று பொருள்.

(திரையில்: தங்கச் சிலை, மெதுவாக முகத்தை நெருங்கவும்)

இதோ, இவள்தான். 85 சென்டிமீட்டர் உயரம். உள்ளே மரம், மேலே தங்கத் தகடு. சிம்மாசனத்தில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, அகலக் கண்களால் நம் தலைக்கு மேலே எங்கேயோ பார்க்கிறாள். இந்த முகம் ஒரு சிறுமியின் முகம் மாதிரி இருக்கிறதா? இல்லையே! ஏனென்றால் அந்தத் தலை ரோமானியக் காலத்தின் கடைசியில் செய்யப்பட்டது. யாரோ ஒரு பேரரசருடையதாக இருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள். ரோமப் பேரரசால் கொல்லப்பட்ட ஒரு பெண் குழந்தை, ரோமப் பேரரசரின் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அவள் உடம்பு முழுக்க மணிகளும் கற்களும் பதித்திருக்கிறார்கள். எல்லாம் காணிக்கை. இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆன்ஜேவைச் சேர்ந்த பெர்னார் என்ற படித்த குருவானவர் இங்கே வந்தார். சிலையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இது பழைய ரோமத் தெய்வங்களான ஜூபிடர் சிலை, மார்ஸ் சிலை மாதிரி அல்லவா இருக்கிறது என்று நினைத்தார். ஆனால் ஊர் மக்களிடம் பேசப் பேச மனம் மாறி, அவளுடைய அற்புதங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அந்த நூலில் ஃபுவா எப்படி இருக்கிறாள் தெரியுமா? அசல் சின்னப் பெண்ணாகவே இருக்கிறாள். நகை என்றால் ஆசை. பணக்காரப் பெண்களின் கனவில் வந்து, அந்த வளையலைக் கொடு, இந்த மோதிரத்தைக் கொடு என்று கேட்கிறாள். தராவிட்டால் விட மாட்டாள். அவள் செய்யும் சின்னச் சின்ன அற்புதங்களுக்கு ஊர் மக்கள் வைத்த பெயர் 'விளையாட்டுகள்'. ஆயிரம் வருடம் கழித்தும் அந்தக் குழந்தையின் அடம் காதில் கேட்கிறது, இல்லையா?

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சிறைப்பட்டவர்களை விடுவிப்பாள் என்ற நம்பிக்கை. விடுதலையானவர்கள் கால்விலங்கைச் சுமந்துகொண்டே இங்கே வந்து காணிக்கையாகப் போட்டார்கள். அந்த இரும்பை உருக்கித்தான் பீடத்தைச் சுற்றியுள்ள கம்பி அழிகளைச் செய்தார்கள் என்று சொல்லி வருகிறார்கள்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதைகளில் ஒன்று இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கூட்டம் பெருகப் பெருகப் பழைய கோயில் போதவில்லை. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஓதோல்ரிக் என்ற மடாதிபதி காலத்தில் புதிய வேலை தொடங்கி, 12-ஆம் நூற்றாண்டில் முடிந்தது. இந்தப் பாணிக்கு ரோமனெஸ்க் என்று பெயர். தடித்த சுவர், அரைவட்ட வளைவு, கனமான தூண். நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அவ்வளவுதான்.

அவர்களுக்கு முன்னால் இருந்த சிக்கலை நினைத்துப் பாருங்கள். பீடத்தருகே துறவிகள் ஜெபம் நடத்திக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் உள்ளே வந்து, ஃபுவாவைப் பார்த்துவிட்டு, வெளியே போக வேண்டும். ஜெபம் கெடக் கூடாது. அதற்காகப் பக்கவாட்டு நடைகளை அப்படியே நீட்டி, பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைத்து, மறுபக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பக்கம் நுழைந்தால் தரிசனம் முடித்து மறுபக்கம் வெளியே. துலூஸ் நகரிலும் சந்தியாகோவிலும் பெரிய அளவில் இருப்பது இதே அமைப்புதான். கோங்க்கில் இடமே இல்லை, மலைச்சரிவு. நீளத்தில் விட்டதை உயரத்தில் பிடித்தார்கள். நடுக்கூடம் 22 மீட்டர்!

அந்த உயரத்தில் கல்லால் ஒரு பாதிப் பீப்பாயைக் கவிழ்த்து வைத்த மாதிரி கூரை. கல் கூரை சும்மா கீழே மட்டும் அழுத்தாது, சுவர்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளும். விட்டால் சுவர் சாய்ந்துவிடும். அதைத் தடுக்கப் பக்க நடைகளுக்கு மேலே மாடி கட்டி, அந்த மாடிக்குக் கால்வட்டக் கூரை போட்டார்கள். அது சாய்ந்து நின்று நடுச்சுவரை உள்பக்கம் தாங்குகிறது. சாயும் பந்தலுக்கு முட்டுக்கொடுப்பது மாதிரிதான். இதனால் நடுக்கூரைக்குப் பக்கத்தில் ஜன்னல் வைக்க முடியாமல் போனது. வெளிச்சம் அந்த மாடியின் ஜன்னல்கள் வழியாக வடிந்து, மங்கலாக இறங்கி வருகிறது. இந்த ஜன்னல்களை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவோம்.

(திரையில்: மேற்கு வாசல், மேலே அரைவட்டச் சிற்பம்)

இந்த வீடியோவை நான் செய்ததே இதற்காகத்தான். மேற்கு வாசலுக்கு மேலே, ஒரே அரைவட்டத்தில் 124 உருவங்கள். இறுதித் தீர்ப்பு நாள். அங்கங்கே பழைய வண்ணம்கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இயேசு. நம் பார்வைக்கு இடது பக்கம் மோட்சம், வலது பக்கம் நரகம்.

மோட்சம் ரொம்ப ஒழுங்கு. எல்லாரும் வரிசையாக அமைதியாக நிற்கிறார்கள். நரகத்தைப் பாருங்கள்! முயலை வேட்டையாடியவனைக் கம்பியில் கட்டி முயலே வாட்டுகிறது. ஒரு வீரன் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுகிறான். ஒருவன் கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்குகிறான். ஒரு ராஜாவின் கிரீடத்தைப் பிசாசு பல்லால் கடித்துப் பிடுங்குகிறது. ஒழுக்கம் கெட்ட துறவிகள் மீன் மாதிரி வலையில் மாட்டியிருக்கிறார்கள். தங்கள் வாசலிலேயே, தங்கள் இனத்தையே வலையில் போட்டுச் செதுக்க அந்த மடத்துக்கு ஒரு நேர்மை இருந்திருக்க வேண்டும்.

நடுவில் அதிதூதர் மிக்கேல் தராசு பிடிக்கிறார். எதிரே பிசாசு. அவன் விரலைப் பாருங்கள், தட்டை அழுத்தப் பார்க்கிறான்! எடையில் ஏமாற்றுவதை அந்தச் சிற்பி சந்தையில் எத்தனை முறை பார்த்திருப்பாரோ.

கீழே இடது மூலையில் ஒரு சின்ன உருவம் குப்புற விழுந்து வேண்டுகிறது. வானத்திலிருந்து கடவுளின் கை நீண்டு வருகிறது. அதுதான் ஃபுவா. அவளுக்குப் பின்னால் வளைவுகளில் என்ன தொங்குகிறது? கால்விலங்குகள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தது. அரைவட்டத்தின் வெளி விளிம்பைப் பாருங்கள். கல்லில் ஒரு நாடாவைச் சுருட்டி வைத்தது போல இருக்கும். அந்தச் சுருளைக் கைகளால் பிடித்துக்கொண்டு, மூக்குக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி, சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. உலகமே முடிகிறது, இவர்கள் மதில் மேல் தொற்றி வேடிக்கை பார்க்கிறார்கள்! வீடியோவை இங்கே நிறுத்தி, உங்கள் கண்ணில் எத்தனை முகம் படுகிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள்.

அப்புறம் என்ன நடந்தது? யாத்திரை குறைந்தது, 1568-இல் மதப் போரில் தீ வைத்தார்கள், கட்டடம் நலிந்தது. பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது தேவாலயங்களின் தங்கம், வெள்ளியெல்லாம் உருக்குவதற்குப் போனது. கோங்க் மக்கள் என்ன செய்தார்கள்? பொக்கிஷத்தைத் தூக்கிக்கொண்டு போய் வீடுகளிலும் தோட்டங்களிலும், செஸ்நட் கொட்டை உலர்த்தும் கொட்டகைகளிலும் ஒளித்து வைத்தார்கள். ஆபத்து நீங்கிய பிறகு எடுத்து வந்து திரும்ப வைத்தார்கள். ஏழை ஊர், கையில் தங்கம். அவளுடைய நகையை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். 1837-இல் அரசு ஆய்வாளராக வந்த எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே கட்டடத்தின் நிலையைப் பார்த்துக் குரல் கொடுக்க, பிறகு பழுதுபார்ப்பு நடந்தது.

கடைசியாக அந்த ஜன்னல்கள். பக்கத்தில் ரொதேஸ் ஊரில் 1919-இல் பிறந்த பியர் சூலாஜ், சிறு வயதில் இந்தத் தேவாலயத்தைப் பார்த்துத்தான் ஓவியனாவது என்று முடிவு செய்தவர். வாழ்நாளெல்லாம் கறுப்பு வண்ணத்தில் வரைந்தவர். 104 ஜன்னல்களுக்கும் புதிய கண்ணாடி செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. புனிதர் படம் இல்லை, சிவப்பு நீலம் இல்லை. வெளிச்சத்தை விடும், ஆனால் வெளியே எதையும் காட்டாத நிறமில்லாத கண்ணாடி. பொருத்தமான கண்ணாடிக்காக நூற்றுக்கணக்கான முறை சோதித்துப் பார்த்தார். 1994-இல் வேலை முடிந்தது. வண்ணம் இல்லையே என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. எனக்கு அவர் பக்கம்தான் மனசு. காலையில் அந்தக் கண்ணாடி நீலம் கலந்து குளிர்ச்சியாக இருக்கிறது, மாலையில் இளஞ்சூடான மஞ்சளுக்கு மாறுகிறது. வண்ணம் பூசியது யார்? சூரியன்.

(திரையில்: மாலை வெளிச்சம் தூண்களில் ஊர்ந்து போகும் காட்சி, ஒலி இல்லாமல் 20 நொடி)