ஏஜென்டுக்குக் கருவியை விளக்கி எழுதுவது எப்படி: விளையாட்டுத் தரவு ஏபிஐயை வைத்து ஒரு பாடம்

[திரையில்: காவேரிப்பட்டணத்தில் மாலை நேரக் கபடித் திடல். ஓர் இளைஞர் கைப்பேசியில் கேள்வியைத் தட்டச்சு செய்கிறார்.]

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் கபடி பயிலும் இளைஞர்களுக்காக, தமிழில் கேட்டால் ஆட்ட விவரங்களைச் சொல்லும் ஓர் ஏஐ ஏஜென்டை உருவாக்கினேன். முதல் வாரத்திலேயே ஒருவர், "2022ஆம் ஆண்டு புரோ கபடிக் கோப்பையை வென்றது யார்?" என்று கேட்டார். "தபாங் டெல்லி" என்று ஏஜென்ட் உடனே பதில் சொன்னது. அது பாதி விடைதான். 2021 டிசம்பரில் தொடங்கிய 8ஆவது சீசன் 2022 பிப்ரவரியில் முடிந்தபோது கோப்பை டெல்லிக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் முடிந்த 9ஆவது சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் வென்றது.

ஏஜென்டை இயக்கும் மொழி மாடலைக் குறை சொல்வதற்கு முன், ஏபிஐயிலிருந்து (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் சேவையிலிருந்து) ஆட்ட விவரங்களைக் கொண்டுவர அது அழைக்கும் கருவிக்கு நான் எழுதி வைத்திருந்த விளக்கத்தைப் பாருங்கள்.

[திரையில்: கருவியின் பெயர்: கெட்_ரிசல்ட். விளக்கம்: "சீசன் முடிவுகளைத் தரும்." உள்ளீடு: சீசன்.]

கருவிக்குப் பின்னால் இருக்கும் நிரலை மாடல் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவற்றைப் படித்துத்தான் எந்தக் கருவியை அழைப்பது, அதற்கு என்ன மதிப்பை அனுப்புவது என்று அது முடிவு செய்கிறது. நம் ஊர் மாங்காய் மண்டிக்குப் புதிதாக ஒருவரை அனுப்பி, "மாங்காய் வாங்கி வாருங்கள்" என்று மட்டும் சொன்னால், கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூராவோடு வருவாரா, வீட்டில் சாப்பிடும் செந்தூராவோடு வருவாரா என்று எப்படித் தெரியும்? என் ஏஜென்டும் அப்படித்தான் 'சீசன்' என்ற இடத்தில் 2022 என்ற ஆண்டை அனுப்பியது; சேவையும் அந்த ஆண்டில் முதலில் முடிந்த சீசனைத் திருப்பித் தந்தது.

உள்ளீட்டை விளக்குவதில் காட்டும் அக்கறையைத் திரும்பி வரும் தரவை விளக்குவதில் பலர் காட்டுவதில்லை. விளையாட்டுத் தரவில் பெரிய பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: 2024 டி20 உலகக் கோப்பை. ஆப்கானிஸ்தான் 115/5, 20 ஓவர். வங்கதேசம் 105, 17.5 ஓவர்.]

இந்த இரண்டு எண்களை மட்டும் பெறும் ஏஜென்ட், 115இலிருந்து 105ஐக் கழித்து, ஆப்கானிஸ்தான் 10 ரன்னில் வென்றது என்று சொல்லிவிடும். ஆனால் மழை குறுக்கிட்டதால், அப்படிப்பட்ட ஆட்டங்களில் இலக்கைத் திருத்தும் டிஎல்எஸ் முறைப்படி இலக்கு 19 ஓவரில் 114 ரன் என்று மாற்றப்பட்டது; சமன் செய்யத் தேவையான 113இலிருந்து 105ஐக் கழித்தால், வெற்றி வித்தியாசம் 8 ரன்தான். ஆகவே, "வெற்றி வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டாம், திரும்பி வரும் தரவில் 'முடிவு' என்ற புலத்தில் இருப்பதை அப்படியே சொல்லவும்" என்று விளக்கத்தில் எழுதியாக வேண்டும்.

அடுத்து, அந்த 17.5. அது பதினேழரை அன்று. 17 ஓவரும் 5 பந்துகளும், அதாவது 107 பந்துகள். 105ஐ 17.5ஆல் வகுத்தால் சரியாக 6.00 வருகிறது, சந்தேகமே எழாத அளவுக்கு நேர்த்தியான எண்ணாக. உண்மையான ரன் ரேட்டோ 5.89. "புள்ளிக்குப் பின் வருவது பந்துகளின் எண்ணிக்கை" என்ற ஒரு வரி இந்தப் பிழையைத் தடுத்துவிடும்.

அதே ஆட்டம் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள கிங்ஸ்டவுனில் ஜூன் 24 இரவு தொடங்கியது. நமக்கோ அது ஜூன் 25 காலை. எனவே 'தேதி' என்று மட்டும் எழுதாமல், மைதானம் இருக்கும் ஊரின் நாளா, யுடிசி (உலகப் பொது நேர) நாளா, இந்திய நாளா என்று குறிப்பிட வேண்டும். ஒன்றும் இல்லாத பட்டியல் திரும்பி வந்தால், அன்று ஆட்டம் இல்லை என்று பொருளா, சேவை பழுதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் திருத்தி எழுதிய விளக்கம்.

[திரையில்: "முடிந்துபோன ஒரு புரோ கபடி சீசனின் இறுதி ஆட்ட முடிவைத் தரும். 'சீசன்' என்பது வரிசை எண், ஆண்டு அன்று, எடுத்துக்காட்டு: 9. ஓர் ஆண்டில் இரண்டு இறுதி ஆட்டங்கள் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். பயனர் ஆண்டை மட்டும் சொன்னால், முதலில் 'சீசன்_பட்டியல்' கருவியை அழைக்கவும். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 'நேரலை_ஸ்கோர்' உள்ளது."]

கடைசி இரண்டு வாக்கியங்களைக் கவனியுங்கள். ஒன்றைப்போல ஒன்று தோன்றும் கருவிகள் இருக்கும்போது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது. அதற்காகப் பக்கம் பக்கமாகவும் எழுத வேண்டாம். ஒவ்வொரு முறையும் மாடல் அதையெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும்.

நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அதே கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னேன். இந்த முறை இரண்டு அணிகளின் பெயர்களும் சீசன் எண்களோடு வந்தன. திடலில் இருந்த இன்னொருவர், "அப்படியானால் 2023இல்?" என்று தட்டினார்.

[திரையில்: "2023இல் இறுதி ஆட்டம் நடைபெறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 10ஆவது சீசன் 2024 மார்ச் 1 அன்று முடிந்தது. புனேரி பல்டன் வென்றது."]