மொட்டை மாடியில ராஸ்பெர்ரி: எந்தக் கம்பை வெட்டணும், எதை விடணும்?

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூர், நம்ம மொட்டை மாடிதான். மணி ஆறரை ஆகுது, வெயில் ஏறுறதுக்குள்ள காட்டிடலாம்னு வந்தேன். இந்த மைசூர் ராஸ்பெர்ரிப் பழத்தைக் கிட்ட பாருங்க. நல்ல கறுப்பு, மேல விபூதி பூசின மாதிரி ஒரு படலம். ரெண்டு விரலால லேசா இழுக்கிறேன்... வந்துடுச்சு. காம்புல வெள்ளையா ஒரு கூம்பு நின்னுடுச்சு பாருங்க, பழத்துக்குள்ள வெறும் குழி. இப்படிக் கழண்டு வந்தாதான் ராஸ்பெர்ரி. பிளாக்பெர்ரின்னா நடுத்தண்டும் சேர்ந்தே வந்துடும். இழுத்தா வரலையா, அப்படியே விட்டுடுங்க. வாழைப்பழம் மாதிரி பறிச்சு வெச்சுப் பழுக்க வைக்க முடியாது இதை.

"அக்கா, சிவப்பு ராஸ்பெர்ரி வாங்கினேன், பூக்கவே இல்லை"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. எனக்கும் அதேதான் ஆச்சு. ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தினேன், இலைதான் மிச்சம். செடி மேல தப்பில்லைங்க. அது குளிர்நாட்டுச் செடி. நிறைய ரகங்களுக்கு 7 டிகிரிக்கும் கீழே 800 மணி நேரத்துக்கு மேல குளிர் வேணும், அப்பத்தான் மொட்டு முழிக்கும். நம்ம ஊர் மார்கழி ராத்திரியே சுமார் 15 டிகிரி இருக்கும். அந்தக் குளிருக்கு எங்க போறது?

அதனால நான் மாறினது இந்த மைசூர் ராஸ்பெர்ரிக்கு. தாவரப் பேரு ரூபஸ் நிவியஸ். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில தானா வளர்ற செடி. நிவியஸ்னா லத்தீன்ல பனி மாதிரி வெள்ளைன்னு அர்த்தம். இலையைத் திருப்பிக் காட்டுறேன், பாருங்க, அடிப்பக்கம் எப்படி வெளுத்திருக்கு!

தொட்டி, 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட். அடியில ஓட்டை கட்டாயம், தண்ணி நின்னா வேர் அழுகிடும். செம்மண், மட்கின சாணி உரம், கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். போர் தண்ணி மட்டுமே ஊத்தினா நரம்பு பச்சையா, மத்த இடமெல்லாம் மஞ்சளா இலை மாறும். மண்ணுல சுண்ணாம்பு ஏறி, செடியால இரும்புச் சத்தை எடுக்க முடியாததுதான் காரணம். நான் மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்துறேன்.

இப்போ முக்கியமான விஷயம், கவாத்து, அதாவது கம்பை வெட்டி விடுறது. முதல் தடவை ரோஜாவுக்கு வெட்டுற மாதிரி எல்லாத்தையும் தரையோட வெட்டிட்டேன். அந்த வருஷம் ஒரு பழம் இல்லை. அம்மா ஊர்லேருந்து வந்திருந்தாங்க, அவங்க கையில ஒண்ணுகூட வைக்க முடியல. அதை நினைச்சா இன்னிக்கும் மனசு கஷ்டமா இருக்கு. இந்தச் செடியில ஒரு கம்பு வளர்ந்து, அடுத்த பருவத்துல காய்ச்சு, அதோட காய்ஞ்சு போகும். வேர் மட்டும் இருந்து புதுக் கம்பு விடும். அதனால காய்ச்சு முடிச்ச கம்பை மட்டும் அடியோட எடுக்கணும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது பழசு, பட்டை பழுப்பா, சொரசொரன்னு இருக்கு, காய்ஞ்ச காம்பும் ஒட்டிட்டிருக்கு. இது புதுசு. சாம்பல் பூத்த மாதிரி இருக்கா? கட்டை விரலால தேய்க்கிறேன்... உள்ள ஊதா நிறம் தெரியுது பாருங்க. முள் இருக்கு, பார்த்துத் தொடுங்க. புதுக் கம்பு முளைச்சதுமே நான் ஒரு சிவப்பு நூல் கட்டிடுவேன். நூல் இருந்தா கத்திரி போகக் கூடாது. நாலடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி விட்டா பக்கக் கிளை விடும், காயும் கூடும்.

கன்று வேணும்னா நுனிப் பதியன் போடுங்க. நீளக் கம்போட நுனியைப் பக்கத்துத் தொட்டி மண்ணுல புதைச்சு, மேல ஒரு கல்லு வெச்சா போதும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், தொட்டியிலயே வளர்த்துக்கோங்க. பசிபிக் கடல்ல இருக்கிற கலபகோஸ் தீவுல இதே செடி காடா பரவி, அங்க இருக்கிற செடிகளை நெருக்கிட்டிருக்கு.

இதோ, போன மழையில நான் போட்ட பதியன். நல்லா வேர் பிடிச்சிருக்கு. நூல் கட்டித்தான் அனுப்பணும், அம்மாவுக்கு.

புல்புல் வந்துடுச்சு, சத்தம் கேக்குதா? பழத்தைப் பறிச்சுட்டு வரேன்.