ஆழம் சொல்ல வேண்டியவர் யார்?

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, நூலகப் புரவலர் ஐயா அவர்களே, பணி முடிந்து நேரே வந்திருக்கும் செவிலியச் சகோதரிகளே, ஆத்தங்குடிப் பட்டறைகளிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, ஆச்சிமார்களே, ஆய்வு மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அறக்கட்டளையாருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளைப் பணியாரமும் காப்பியும் கொடுத்து உட்கார வைத்த காரைக்குடி அன்பர்களுக்கும் முதல் நன்றி.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு என்ன நெறி என்பது இன்றைய தலைப்பு. ஒப்புதல், அந்தரங்கம், இழப்பீடு என்று மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே." ஊரணி வெட்டி நீர் குடித்த சீமையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பழமொழி இது. ஆனால் ஆராய்ச்சியில் கால் வைப்பவர் ஒருவர், ஆழம் தெரிந்தவர் வேறொருவர். தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

அலபாமா மாநிலம், டஸ்கிகீ என்ற ஊர், 1932. பருத்திக் காட்டில் உழைக்கும் ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வில் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய். நோயின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை. "உங்களுக்குக் கெட்ட ரத்தம்" என்றார்கள். பரிசோதனை நாளில் சாப்பாடு இலவசம். செத்தால் அடக்கச் செலவுக்குப் பணம் உண்டு, ஆனால் உடலை அறுத்துப் பார்க்கக் குடும்பம் சம்மதிக்க வேண்டும். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. சோதனை என்றால் வரமாட்டார்களே! "சிறப்பு இலவசச் சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு" என்று கடிதம் போட்டார்கள். நம்பி வந்து முதுகைக் காட்டினார்கள், ஐயா. அங்கே சிகிச்சை எதுவும் இல்லை. 1940களின் கடைசியில் அந்த நோய்க்குப் பென்சிலின் தாராளமாகக் கிடைத்தது. அதையும் கொடுக்கவில்லை. மனிதர்மேல் ஆய்வு செய்யச் சம்மதம் கட்டாயம் என்று சொல்லும் நியூரம்பெர்க் நெறிகள் 1947இல் வந்தன, மருத்துவர்களுக்கு ஆய்வு நெறி சொல்லும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. இரண்டும் தாளில் இருந்தன, டஸ்கிகீயில் ஆய்வு நடந்துகொண்டே இருந்தது. 1972இல் செய்தித்தாளில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நாட்டின் அதிபர் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2009இல் அன்றைய ஆந்திரத்தின், இன்றைய தெலங்கானாவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆய்வுத் திட்டமாகப் போட்டபோது, பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தத் தடுப்பூசியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பெற்றவளிடம் யார் ஆழத்தைச் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி.

ஆகவே ஆய்வு மாணவர்களே, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள். நான் சொல்வது பேசுகிற தமிழ். "பங்கேற்பாளர்கள் சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவர்" என்று எழுதினால் எந்த ஆச்சிக்குப் புரியும்? "உங்களுக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்" என்று எழுதுங்கள். 5 மில்லி ரத்தம் என்றால் ஒரு டீஸ்பூன் என்று சேர்த்து எழுதுங்கள். ஆங்கில மூலப் படிவத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்ப் படிவத்தைக் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னால் எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும். படித்துக் காட்டிய பிறகு "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். "நடுவில் வேண்டாமென்று தோன்றினால் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிமேல் கலர் ஊற்றிச் சிமெண்டுக் கலவை போட்டு நாள் முழுக்க ஈரத்தில் அளையும் கை. அந்தக் கையில் வரும் தோல் அரிப்பை ஆராய ஒரு மாணவி போகிறாள் என்று வையுங்கள். முதலாளி சரி என்றால் உள்ளே போக அனுமதி கிடைத்தது, அவ்வளவுதான். தொழிலாளியின் சம்மதம் தனி. அதை முதலாளி நிற்கும் இடத்தில் கேட்கக் கூடாது. அரை நாள் வேலை கெட்டால் அரை நாள் கூலி கொடுங்கள். பத்து நாள் கூலியைக் கொடுத்தால் பணத்துக்காகவே கை நீட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் ரேகை வைத்தால், ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவர் தொடக்கம் முதல் கடைசி வரை கூட இருந்து சாட்சிக் கையெழுத்திட வேண்டும். பல இடங்களில் குழுவின் நர்ஸே சாட்சியாகப் போடுகிறார், அது செல்லாது. எழுதத் தெரிந்த பங்கேற்பவர் என்றால் தேதியை அவர் கையாலேயே எழுதட்டும். படிவத்தில் ஒரு பிரதி அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதிகம் தவறுவது இதில்தான். பிரதி கையில் இல்லாதவர், மூன்றாம் மாதம் கொப்புளம் வந்தால் யாருக்குப் போன் செய்வார்? ஆய்வைச் சரிபார்த்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் அந்தத் தாளில்தானே இருக்கிறது!

இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு மருந்தாய்வு விதிகளின்படி மருந்து ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவில் குறைந்தது 7 பேர், பாதிப் பேர் வெளியாட்கள், ஒருவர் சாதாரணப் பொதுமனிதர். அந்தப் பொதுமனிதரைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பாதீர்கள். தமிழ்ப் படிவத்தை முதலில் படிக்க வேண்டியவர் அவர். அவருக்குப் புரியாவிட்டால் ஆழம் தெரியவில்லை என்று பொருள், படிவம் திரும்பட்டும்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. பெயரை அழித்துவிட்டால் போதாது. நகரத்தார் குடும்பங்களில் ஆய்வு செய்து ஊர், வயது, அவர்களின் ஒன்பது குலக்கோயில்களில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று கட்டம் கட்டினால், இளையாற்றங்குடிக்காரர் யார், மாற்றூர்க்காரர் யார், எந்த வீட்டு அப்பத்தா என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவீர்கள். ஊரும் கோயிலும் ஒரே அட்டவணையில் வரக் கூடாது.

தலைவர் மணி அடித்துவிட்டார். இழப்பீட்டுக்கு நேரமில்லை, பொறுத்தருளுங்கள். வாசல் மேசையில் மாதிரி ஒப்புதல் படிவமும் பென்சிலும் வைத்திருக்கிறோம். ஆச்சிமார்களும் பட்டறைத் தோழர்களும் படித்துப் பார்த்து, புரியாத சொல்லையெல்லாம் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். வட்டமிட்ட சொற்களை மாற்றிய பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கப்போகிறோம். நன்றி, வணக்கம்.