அறுவடை நாளில்தான் வயலைப் பார்ப்பீர்களா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘மாணவரின் வளர்ச்சியை அறிய உதவுவது வகுப்பறைத் தொடர் மதிப்பீடா, ஆண்டு இறுதித் தேர்வா?’ என்ற தலைப்பில், தொடர் மதிப்பீடே என்று வாதாட வந்திருக்கிறேன்.

“விதையைத் தினமும் தோண்டிப் பார்த்தால் முளைக்குமா?” என்று எதிரணி நண்பர் கேட்டார்; கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஐயா, தோண்டச் சொன்னது யார்? வயலைச் சுற்றி வாருங்கள் என்கிறோம். அறுவடைக்கு மட்டும் வயலுக்குப் போகிறவர் வீட்டுக் குதிரில் நெல் இருக்குமா?

ஒரு கணக்குக்கு வருகிறேன். 52-இல் 27 போனால் மீதி எவ்வளவு? மூன்றாம் வகுப்புப் பையன் 35 என்று எழுதுகிறான். ஆண்டுத் தேர்வுத் தாளில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி, கதை முடிந்தது. அதையே அவன் வகுப்பில் கரும்பலகையில் போட்டிருந்தால்? இரண்டில் ஏழு போகாதென்று ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான் என்பது ஆசிரியருக்கு அங்கேயே தெரிந்துவிடும். அவனுக்குக் கழிக்கத் தெரியும் நடுவர் அவர்களே, கடன் வாங்கத்தான் தெரியவில்லை! பெரியவர்களான நமக்கு அது ஒன்றுதான் நன்றாகத் தெரியும் என்பது வேறு விஷயம். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினால் பையன் பிடித்துக்கொள்வான்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அவர்களுடைய கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி தருகிறது. யார் எந்த நிலை என்று ஏப்ரல் மாதம் தெரிந்து என்ன பயன்?

அடிக்கடி சோதித்தால் பிள்ளைகள் மிரளுவார்கள் என்றார்கள். மிரட்டுவது மதிப்பெண். கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு விடையைப் பற்றி எழுதித்தந்த கருத்து மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. முன்னேறியவர்கள் கருத்து மட்டும் பெற்றவர்கள். மதிப்பெண்ணும் சேர்ந்தபோது கருத்தால் பயனில்லாமல் போனது.

பதிவேட்டை நிரப்புவதற்காக நடத்தும் மதிப்பீட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆசிரியரைக் குமாஸ்தாவாக்கும் அந்தப் படிவங்களைப் பாதியாகக் குறையுங்கள், நானே கைதட்டுகிறேன். ஆனால் எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிக்குப் பூட்டு. ஜூனில் பையன் அடுத்த வகுப்பில், வேறோர் ஆசிரியரிடம். அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித்தரப் போவது யார்? அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.