சதுப்பில் கிடைத்த முக்காடு: மழைக்கு ஒரு கம்பளி தைப்போம்

[காட்சி: மேசைமேல் சாம்பல்நிறக் கம்பளித் துண்டு ஒன்று. விரல்நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விழுகிறது. காமிரா மிக அருகில்.]

இந்தச் சொட்டைக் கொஞ்ச நேரம் பாருங்கள். துணிக்குள் இறங்கவில்லை. முத்துப்போல உருண்டு நிற்கிறது. துணியைச் சற்றுச் சாய்த்தால் ஓடி விழுந்துவிடுகிறது. இதில் பிளாஸ்டிக் பூச்சு எதுவும் கிடையாது. ஆட்டு ரோமம், கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு, வெந்நீர், சோப்பு, அப்புறம் கை உழைப்பு. அவ்வளவுதான்.

மாயாஜாலக் கதைகளில் காடு மலை சுற்றும் நாயகர்கள் எல்லோருக்கும் ஓர் உடை உண்டு. தோளிலிருந்து தொங்கும் பெரிய போர்வை, முகத்தை நிழலில் மறைக்கும் முக்காடு. ஆங்கிலத்தில் க்ளோக் என்பார்கள். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆனால் தைத்ததை மாட்டிக்கொண்டு மழையில் நடந்தால் பாதிப் பேருடையது அரை மணி நேரத்தில் ஈரச் சாக்காகிவிடும். வடிவத்தைப் பார்த்துத் தைத்துவிட்டு, துணியைக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம். இந்த வீடியோவில் முதலில் துணி, பிறகு தையல், கடைசியாக மழையில் நடை.

[காட்சி: வட ஐரோப்பிய வரைபடம். ஸ்வீடன், நார்வே, கிரீன்லாந்தில் மூன்று புள்ளிகள்.]

இந்த முக்காடு கற்பனையில் பிறந்தது அல்ல, நிஜமாகவே கிடைத்திருக்கிறது. 1936இல் ஸ்வீடனின் வார்பெர்க் நகருக்கு அருகே பொக்ஸ்டென் என்ற சதுப்புநிலத்தில் ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. மரமுளைகள் அடித்துச் சேற்றோடு சேர்த்துப் பதித்திருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். சதுப்பில் காற்று புகாது, நீரில் அமிலம் அதிகம். அதனால் தலைமுடி கெடவில்லை, கம்பளி உடைகளும் கெடவில்லை. சட்டை, முக்காடு, வலது தோளில் பூட்டும் போர்வை என ஏறக்குறைய முழு உடுப்பு. இன்று வார்பெர்க் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 1936இல் நார்வேயின் வடக்கே ஆண்டோயா தீவில், ஸ்யோல்டெஹாம்ன் என்ற இடத்துச் சதுப்பில் இன்னோர் உடல் கிடைத்தது. இது இன்னும் பழையது, 11ஆம் நூற்றாண்டு. அதனோடும் ஒரு முக்காடு. மூன்றாவது கிரீன்லாந்தின் தென்முனையில் உள்ள ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ். அங்கே 1921இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் நோர்லுண்ட் ஒரு பழைய கல்லறை நிலத்தைத் தோண்டினார். அந்த ஊரில் மரம் அரிது, சவப்பெட்டிக்கே பலகை கிடைக்காது. அதனால் இறந்தவர்கள் பலரைப் பழைய துணிகளில் சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அந்தத் துணிகளைக் காப்பாற்றி வைத்திருந்தது. பத்துக்கும் மேற்பட்ட முக்காடுகள்! ராஜா ராணி உடைகள் அல்ல. ஆடு மேய்த்தவர்களும் கடலுக்குப் போனவர்களும் அன்றாடம் போட்டுத் தேய்த்தவை. எனக்கு இவற்றின்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே அதனால்தான்.

[காட்சி: தீக்குச்சிச் சுடரில் காட்டப்படும் ஒரு நூல்.]

சரி, துணிக்கு வருவோம். நம் ஊர்க் கடையில் "கம்பளி" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழைதான் இருக்கும். கையால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க எல்லோராலும் முடியாது. ஓரத்திலிருந்து ஒரு நூல் உருவிக்கொள்ளுங்கள். கீழே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். நூலை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். ஆட்டு ரோமம் என்றால் சுருண்டு, தயங்கித் தயங்கி எரியும். முடி கருகும் வாசனை வரும். சுடரை எடுத்தால் அணைந்துவிடும். மிஞ்சும் கரியை விரலில் வைத்து நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக்கோ உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும்.

இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. என் முதல் போர்வையைக் கம்பளி என்று நம்பி வாங்கிய ஒன்றில்தான் தைத்தேன். ஒரு மலைவீட்டு முற்றத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தபோது ஒரு பொறி பறந்து மடியில் விழுந்தது. தட்டிவிடுவதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. உருகிய விளிம்பு விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நெருப்பருகே உட்காரப்போகும் எவரும் இந்த நூல் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

நல்ல கம்பளி நம் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானாவில் கொங்கடி என்றும் கர்நாடகத்தில் கம்பளி என்றும் சொல்வார்கள். தக்காணத்துக் கருப்பு ஆட்டின் ரோமத்தை நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஏற்றி, குருமர், குருபர் எனப்படும் இடையர் சமூகத்தார் கையால் நெய்வது. மழை வந்தால் அதை மடித்துத் தலைமேல் முக்காடாகக் கவிழ்த்துக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் போவார்கள். நம் டெல்டா வயல்களில் நடவு நாளில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளிக் கொங்காணி போட்டுக்கொள்வதும் இதே வடிவம்தான். கொங்கடி சொரசொரப்பாக இருக்கும், கழுத்தில் குத்தும். உள்பக்கம் முகத்தைச் சுற்றிப் பருத்தித் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் சரியாகிவிடும்.

[காட்சி: வாளியில் வெந்நீர். கையால் மாவு பிசைவதுபோலத் துணியை அழுத்துகிறார்.]

கம்பளி இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மீன்செதில்போல அடுக்கடுக்காக இருக்கும். சூடு, ஈரம், அசைவு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டி இறுகும். நமக்குப் பிடித்த ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்தால் குழந்தை அளவுக்குச் சுருங்கிப் போகுமே, அதே வேலைதான். அதை வேண்டுமென்றே, அளவோடு செய்கிறோம்.

இடைக்கால ஐரோப்பாவில் இது தனித் தொழில். துணியைத் தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். அழுக்கும் கொழுப்பும் போக நாள்பட்ட சிறுநீரையும் ஒருவகைக் களிமண்ணையும் சேர்ப்பார்கள். 12ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் மரச்சுத்தியல்கள் இந்த வேலைக்கு வந்துவிட்டன. வாக்கர், ஃபுல்லர், டக்கர் என்ற குடும்பப் பெயர்கள் மூன்றும் இந்தத் தொழிலிலிருந்து வந்தவை. வாக்கர் என்றால் ஊர் சுற்றி நடந்தவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், துணியின்மேல் நடந்தவர்!

நமக்குச் சிறுநீர் வேண்டாம், துணி சோப்பு போதும். முழுத் துணியையும் எடுத்தவுடனே நனைத்துவிடாதீர்கள். 20 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டிச் சோதியுங்கள். என் துண்டு கால் மணி நேரம் பிசைந்ததும் 17 சென்டிமீட்டருக்கு வந்தது. அந்தக் கணக்கை வைத்து எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். எப்போது நிறுத்துவது? வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். ஊடும் பாவும் பிரிந்து தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும். நெசவு மங்கி, மேலே மெல்லிய பஞ்சு படர்ந்ததுபோல ஆனால் போதும். இப்படி இறுகிய துணியை வெட்டினால் ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். ஏற்கெனவே இறுக்கிய கோட்டுத் துணி கிடைத்தால் இந்த வேலையே மிச்சம்.

[காட்சி: தரையில் விரித்த துணி. சாக்கட்டியால் கோடுகள்.]

முக்காட்டுக்கு ஸ்யோல்டெஹாம்ன் வெட்டையே எடுத்துக்கொள்கிறேன். அதில் வளைவே கிடையாது, எல்லாம் நேர்வெட்டு. ஒரு செவ்வகம், இரண்டு சதுரம். என் தலைக்கும் தோளுக்கும் செவ்வகம் 120க்கு 34 சென்டிமீட்டர், சதுரங்கள் 28 சென்டிமீட்டர். செவ்வகத்தைக் குறுக்கே பாதியாக மடித்தால் மடிப்பு உச்சந்தலையில் உட்காரும், இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் தொங்கும். பின்பக்க ஓரங்களை மேலிருந்து 32 சென்டிமீட்டர் வரை தைத்து மூடுங்கள். முன்பக்கம் அதே 32 முகத்துக்காகத் திறந்தே இருக்கட்டும்.

இனி சதுரம். அதை மூலை மேலே வரும்படி வைரம்போலத் திருப்பி, முன்பக்கம் தாடைக்குக் கீழே மிஞ்சிய பிளவில் பொருத்துங்கள். சதுரத்தின் மேல்பக்கம் இரண்டும் பிளவின் இரண்டு ஓரங்களோடு சேரும். பின்பக்கமும் அப்படியே. இந்த வெட்டில் நான் சொக்கிப்போன இடம் இதுதான். செவ்வகத்தின் மூலை 90 பாகை, சதுரத்தின் மூலை 90 பாகை. இரண்டும் சேரும் இடத்தில் 180, அதாவது நேர்கோடு! கீழ்விளிம்பு எங்கும் உடையாமல் தோளைச் சுற்றி விரிந்து விழுகிறது. ஓர் அங்குலத் துணிகூட வீணாகவில்லை. ரோமம் கத்தரித்து, சுத்தம் செய்து, நூற்று, நெய்து ஒரு முழம் துணி பார்க்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரிந்த ஒரு கை போட்ட கணக்கு இது.

தையலுக்குத் தேன்மெழுகில் இழுத்த லினன் நூல். இறுக்கமாக ஓட்டுத் தையல் போட்டு, உள்பக்கம் மிஞ்சும் ஓரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் துணியோடு சுற்றித் தையுங்கள். காற்றும் தண்ணீரும் நுழைவது தையல் வரியில்தான், அதனால் இந்த இரண்டாம் வரிசையை விடவே கூடாது. சதுரத்தின் மேல்மூலை தாடைக்கடியில் வந்து நிற்கும் புள்ளியில்தான் இழுவை அதிகம். அங்கே நான்கைந்து தையல் கூடுதலாகப் போடுங்கள்.

போர்வை இதைவிடச் சுலபம், அரைவட்டம். ஆரம் 120 சென்டிமீட்டர் என்றால், 150 அகலத் துணியில் இரண்டரை மீட்டர் போதும். ஒரு ஆணி, ஒரு கயிறு, சாக்கட்டி இருந்தால் வட்டம் போட்டுவிடலாம். சதுர மீட்டருக்கு 500 கிராம் உள்ள துணியில் தைத்த என் போர்வை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தரையைத் தொடும் நீளம் படத்தில் அழகாக இருக்கும், காட்டில் வேண்டாம். படி ஏறும்போது நீங்களே அதை மிதிப்பீர்கள். புல்லில் உரசும் விளிம்பு தண்ணீரை மேலே உறிஞ்சிக்கொண்டே வரும். கெண்டைக்காலோடு நிறுத்துங்கள்.

[காட்சி: பாலாக வெளுத்த நீர் நிறைந்த டப்.]

கடைசிச் சரக்கு லனோலின். ஆட்டின் தோல் ரோமத்துக்குப் பூசிவிடும் மெழுகு போன்ற கொழுப்பு. ஆலையில் துவைக்கும்போது அது போய்விடுகிறது, நாம் திரும்ப ஊட்டுகிறோம். துணி எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது என் கணக்கு. கொதிநீரில் லனோலினோடு சோப்புச் சீவலைப் போட்டுக் கலக்கினால் பால்போல ஆகும். அதை வெதுவெதுப்பான நீரில் ஊற்றித் துணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் முறுக்காமல் அழுத்திப் பிழிந்து நிழலில் விரித்துக் காயவையுங்கள். இரண்டு நாள் லேசான ஆட்டு வாசனை இருக்கும்.

சிலர் கம்பளிக்குப் பதில் லினன் துணியில் ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார்கள். மழைக்கு அதுவும் நன்றாகவே தாங்கும். ஆனால் எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காய்வதே காற்றோடு வினைபுரிந்துதான், வினையில் சூடு பிறக்கும். சுருட்டிய கந்தலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துத் தொங்கவிட்டு, வெளியிலேயே காயவிடுங்கள்.

[காட்சி: மலைப்பாதை. தூறல். போர்வையணிந்து நடப்பவர், பின்னாலிருந்து.]

இது கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர். இங்கே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புல்வெளியில் ஆடுகள் இதே மழையில் அசையாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

இரண்டு மணி நேரத் தூறலில் நடந்தேன். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் வெளியே உருண்டு ஓடியது. அப்புறம் தோள்பட்டை மெல்லக் கனக்கத் தொடங்கியது. கம்பளி இழை தன் எடையில் 30 சதவீதம்வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாமல் இருக்கும். வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். பருத்தியில் இது இந்த அளவுக்கு நடக்காது. நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிச் சூட்டை இழுத்துக்கொள்ளும், மலைக்குளிரில் அது ஆபத்து. கொட்டும் மழை நாள் முழுக்கப் பெய்தால் கம்பளியும் தோற்கும், அன்றைக்கு ரெயின்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் உடம்பு சூடேறியபோதுதான் பொக்ஸ்டென் மனிதன் ஏன் வலது தோளில் பூட்டினான் என்று புரிந்தது. ஊக்கு வலது தோளில் இருந்தால் திறப்பு வலப்பக்கம் வருகிறது. வலக்கை முழுக்க வெளியே. கோல் ஊன்றலாம், பாறையைப் பிடிக்கலாம், போர்வை மூடியபடியே இருக்கும். நடுக்கழுத்தில் பூட்டினால் கையை நீட்டும்போதெல்லாம் முன்பக்கம் திறந்து குளிர் உள்ளே வரும், தொண்டையையும் இழுக்கும். வேகமாக ஓடும் ஓடையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த போர்வை ஆளையே இழுத்துவிடும்.

[காட்சி: முள்ளில் மாட்டிய சிறு கிழிசல். ஊசி, நூல்.]

திரும்பும் வழியில் ஒரு முட்செடி விளிம்பைப் பிடித்தது. சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். வெட்டும்போது மிஞ்சிய ஓரத் துண்டை நான் எறிந்துவிடவில்லை. அதிலிருந்தே நூலை உருவி, கிழிசலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தைத்தேன். பிறகு அந்த இடத்தை மட்டும் வெந்நீரில் நனைத்து, சோப்பு தொட்டுக் கட்டைவிரலால் பத்து நிமிடம் தேய்த்தேன். செதில்கள் மறுபடி மாட்டிக்கொண்டன. இதோ, விரல் வைத்திருக்கும் இடம். கிட்ட வந்து பார்த்தால்தான் தையல் தெரிகிறது.