ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு மெதுவான நடை

நேயர்களுக்கு வணக்கம்.

நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஹோர்ட்டன் சமவெளிக்கென்று ஒரு காலைப் பொழுதை ஒதுக்கிக்கொள்கிறார்கள். விடியுமுன் நுழைவாயிலில் நிற்பது, மூடுபனி ஏறுவதற்குள் உலக முடிவு எனப்படும் பாறை விளிம்பை எட்டுவது, படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பிவிடுவது என்பதே அவர்களுடைய திட்டம். ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் சரிந்து இறங்கும் அந்த விளிம்பின் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும், நண்பர்களோடு அங்கே நடந்து பழகியவன் என்ற முறையில், இந்தத் தேசியப் பூங்காவில் பார்ப்பதற்கு உரியவற்றுள் பெரும்பகுதி அந்த விளிம்புக்குப் போகும் வழியிலேயே கிடக்கிறது என்று சொல்வேன்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், சுமார் 3,160 ஹெக்டேயர் பரப்பில், புல்வெளியும் மலைக்காடும் மாறி மாறி விரியும் நிலம் இது. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மொட் ஹோர்ட்டனின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காமல் விடும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டில் ஆலோசனை கூறியிராவிட்டால், சுற்றிலுமுள்ள மலைகளைப் போல இங்கும் தேயிலை ஏறியிருக்கக்கூடும். 1988இல் இது தேசியப் பூங்காவாயிற்று. 2010இல், மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக, உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இலங்கையின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் ஜீப்பை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். இங்கே ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர் நீளமான வட்டப் பாதை முழுவதையும் நடந்துதான் கடக்க வேண்டும். ஆகவே யாரோடு நடக்கிறோம் என்பது முக்கியமாகிறது. பெருங்கூட்டமாகப் போகிறவர்களுக்கு அவர்களுடைய பேச்சொலியைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. மூவர் அல்லது நால்வர் போதும்; அவர்களில் ஒருவருக்காவது பறவைகளின் குரல் தெரிந்திருந்தால் அது பெரும் பேறு.

நுழைவாயிலில் வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் பைகளைச் சோதித்து, பிஸ்கட் சுற்றிய பொலித்தீன் உறைகளையும் தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளையும் அகற்றிவிடுகிறார்கள். இதற்கு முணுமுணுப்பவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் மரைகளைச் சற்று நேரம் கவனிக்க வேண்டும். கிளைத்த கொம்புகளையுடைய ஆண் மரையொன்று வாகனமொன்றின் கதவருகே வந்து மூக்கை நீட்டுகிறது. யாரோ பாண் துண்டு கொடுக்கிறார்கள். பையோடு சேர்த்து விழுங்கவும் அது தயங்குவதில்லை. காட்டு விலங்கைப் பிச்சைக்குப் பழக்குவதை அன்பு என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

புல்வெளியின் நடுவே நிற்கும் மரைகளோ வேறு விதமானவை. நம்மைக் கண்டதும் காதுகளை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையை ஒருமுறை தட்டிவிட்டு, காட்டோரம் ஒதுங்கிவிடுகின்றன. அந்த எச்சரிக்கைக்குக் காரணமான சிறுத்தையைப் பகலில் காண்பது அரிது. ஆனால், நடைபாதையின் நடுவிலேயே அது விட்டுச்சென்ற எச்சத்தை நண்பர் ஒருவர் சுள்ளியால் கிளறிக் காட்டியபோது, சாம்பல் நிறத்தில் உலர்ந்த அந்தத் திரளுக்குள் மரையின் முரட்டு மயிர் கற்றையாகப் பின்னிக் கிடந்தது.

காட்டுக்குள் நுழைந்தவுடன் வெளிச்சம் தணிகிறது. இங்குள்ள மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை; ஓயாத காற்றினாலும் குளிரினாலும் குறுகி முறுக்கேறி, குடை விரித்தாற்போல் தலை பரப்பி நிற்கின்றன. கீன எனப்படும் மரமே இவற்றுள் மிகுதி. தண்டு முழுவதும் பாசி போர்த்தியிருக்கும். அந்தப் பாசியை விரலால் மெல்ல அழுத்தினால், மழையே பெய்யாத நாளிலும் தண்ணீர் கசியும். காற்றோடு வரும் மூடுபனியை இலைகளும் பாசியும் வடித்தெடுத்து, துளித்துளியாக மண்ணுக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் ஓடைகள் இங்கே ஊறுகின்றன என்றால், அதில் இந்தப் பாசிக்கும் பங்குண்டு. அதனாலேதான் சில பத்தாண்டுகளாக இக்காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது கவலை தருகிறது. மண்ணின் தன்மை, வறட்சி, வளி மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள்.

இத்தகைய பாசித் தண்டொன்றில்தான் மூக்கின் நுனியில் கொம்புள்ள ஓணானைப் பார்த்தோம். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. ஆணின் கொம்பு வெண்மையாக, முள்ளைப் போல் நீண்டிருக்கிறது. நாம் அருகே போனாலும் ஓடுவதில்லை. ஒரு கண்ணை மட்டும் நம் பக்கம் திருப்பிவிட்டு அப்படியே இருந்துவிடுகிறது. விரைந்து நடப்பவர்கள் கையெட்டும் தூரத்தில் இதைக் கடந்து போய்விடுவார்கள். இதே காட்டில் இரவில் உலவும் ஒருவகைத் தேவாங்கு, நெடுங்காலம் அழிந்துபோயிற்றென்றே கருதப்பட்டு, 2010இல்தான் அதன் படங்கள் உலகுக்குக் கிடைத்தன.

பாதையோரம் மஞ்சள் பூக்கள் நிறைந்த முட்புதரையும் பலர் விரும்பிப் படமெடுக்கிறார்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய ஆக்கிரமிப்புச் செடி. இதே வட்டப் பாதையில் வரும் பேக்கர் நீர்வீழ்ச்சியின் பெயரும் சற்று விசித்திரமானது. பின்னாளில் நைல் நதிப் பயணங்களால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் இந்தப் புல்வெளிகளில் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்திக் கொன்றவர். அன்று இம்மலைகளில் இருந்த யானைகள் இன்று இங்கே இல்லை.

உலக முடிவில் நாங்கள் நின்றபோது பனி இன்னும் மேலேறவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நண்பர் காட்சியை வியந்துகொண்டு நிற்காமல், கீழே தெரிந்த நொன்பேரல் தேயிலைத் தோட்டத்தின் லயன் கூரைகளையும் மலைச்சரிவில் வளைந்து ஏறும் பாதையையும் சுட்டிக்காட்டினார். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையோடு அத்தகைய சரிவுகளில் ஏறி இறங்கியவர்களின் பேரன் அவர். அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை அவர் சொல்லித்தான் எங்களில் சிலர் கவனித்தோம்.

வட்டப் பாதையை முடித்தவர்கள் மறுமுறை தொட்டுப்பொல மலையில் ஏறலாம். பட்டிப்பொல பக்கமிருந்து வரும் வழியிலேயே அதன் பாதை தொடங்குகிறது. நாட்டின் இரண்டாவது உயரமான சிகரமான கிரிகல்பொத்தைக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர் நடக்க வேண்டும். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. பனி இறங்கினால் பாதை மறைந்துவிடும். எனவே, புறப்படுமுன் பூங்கா அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடக்கூடிய நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போங்கள்.

வணக்கம்.