வட்டிப் பணமும் மூழ்கிப்போன நகைகளும்: மனந்திரும்பியவர் என்ன செய்ய வேண்டும்?

அடுத்த கேள்வி தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வியைச் சுருக்கமாக வாசிக்கிறேன்.

"என் கணவர் 12 வருடம் வட்டிக்கு விட்டார். பத்து வட்டி வரைக்கும், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வரைக்கும் வாங்கியிருக்கிறார். போன வருடம் இருவரும் ஞானஸ்நானம் எடுத்தோம், தொழிலை விட்டுவிட்டார். ஆனால் அந்தப் பணத்தில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். மீட்காமல் மூழ்கிப்போன அடகு நகை 11 பவுன் பீரோவில் இருக்கிறது. கடன் வாங்கியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டும் ஒரு கட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் விற்று ஊழியத்துக்குக் கொடுத்தால் பாவம் தீரும் என்று ஒருவர் சொல்கிறார். பழைய சேலை, பாத்திரம்கூட வைத்திருக்கக் கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். என்ன செய்வது ஐயா?"

சேலையும் பாத்திரமும் இருக்கட்டும் சகோதரி. அதில் ஒன்றும் இல்லை. கடையில் விற்கிற எதையும் மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரியாமல் சாப்பிடலாம் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். சோறு வடிக்கிற பானைக்கும் அது போதும்.

எபேசு பட்டணத்தில் புதிதாக விசுவாசித்தவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களை எரித்தார்களே என்று கேட்பீர்கள். எரித்தார்கள். கிரயத்தைக் கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி ஒரு வெள்ளிக்காசு என்று வைத்தால், வருடம் 300 நாள் உழைக்கிற ஆளுக்கு 166 வருடச் சம்பளம். அதை விற்றுக் காசாக்கியிருக்கலாம். விற்றால் இன்னொருவன் அதில் மாட்டுவான், அதனால் எரித்தார்கள். தாயத்து, மந்திரத் தகடு மாதிரி வீட்டில் ஏதாவது இருந்தால் அதற்கு இதுதான் வழி.

உங்கள் பீரோவில் இருப்பது வேறு விஷயம். அந்த நகை இன்னொரு பெண்ணின் கழுத்தில் கிடந்தது. எரிக்க முடியாது, உண்டியலில் போடவும் கூடாது. அது உங்களுடையதாக இருந்தால்தானே காணிக்கையாகக் கொடுப்பதற்கு!

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் ஜனங்கள் வழி தவறிப் போகிறார்கள். இயேசுவைக் காட்டிக்கொடுக்க வாங்கி, யூதாஸ் திரும்ப எறிந்த 30 வெள்ளிக்காசை, இது இரத்தக்கிரயம், காணிக்கைப்பெட்டியில் போடலாகாது என்று பிரதான ஆசாரியர்களே சொன்னார்கள். இயேசுவைக் கொல்ல ஆலோசனை பண்ணினவர்களுக்கே அந்தக் கூச்சம் இருந்தது. விசுவாசிகளான நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? பலிபீடத்துக்கு முன்னால் நிற்கும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் ஆண்டவர். முதலில் அவனிடம்.

சரி, எவ்வளவு கொடுப்பது? லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் கணக்கு இருக்கிறது. வஞ்சித்து வாங்கியதை முழுவதும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். தானே வந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனுக்கு அவ்வளவுதான். ஆட்டைத் திருடி அறுத்தவனுக்குத்தான் ஒன்றுக்கு நாலு, அது யாத்திராகமம் 22. இப்போது எரிகோவுக்கு வாருங்கள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியிருந்த சகேயு என்ன சொன்னான்? அநியாயமாய் வாங்கியதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான், அதாவது நாலு மடங்காக. தனக்குத்தானே திருடனுக்குரிய தண்டனையை எழுதிக்கொண்டான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்குப் போய்விட்டது, நாலத்தனை மீதிப் பாதியிலிருந்து வர வேண்டும். 8 லட்சம் வைத்திருந்தான் என்று வையுங்கள். 4 லட்சம் ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியது ஒரு லட்சம் என்றால், அதற்கு 4 லட்சம். கையில் ஒன்றுமில்லை! அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாதா? வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், அவனுக்குத் தெரியாத கணக்கா?

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அவன் பணத்தைக் கொடுத்து இயேசுவை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. மரத்திலிருந்து இறங்கி சந்தோஷத்தோடு ஏற்றுக்கொண்டான், அப்புறம்தான் கை திறந்தது. பணம் கொடுத்தால் பாவம் தீரும் என்று உங்களிடம் சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார். பாவத்தைக் கிறிஸ்துவின் இரத்தம் தீர்த்துவிட்டது. நகையைத் திருப்பிக் கொடுப்பது, நகையை இழந்தவளுக்காக.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான அதிகாரம் நெகேமியா 5. பஞ்ச காலத்தில் நிலத்தையும் வீட்டையும் அடமானம் வைத்த ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள். வட்டி எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு ஒன்று. அதை மாத வட்டி என்று பலர் விளக்குகிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஒரு ரூபாய் வட்டி! அதற்கே யூதாவின் அதிபதியாயிருந்த நெகேமியாவுக்கு மிகவும் கோபம் வந்தது. வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, அதோடு வாங்கின வட்டி, எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றான். தானும் கடன் கொடுத்திருந்ததை மறைக்காமல் சொன்னான். பத்து வட்டி என்றால் ஒரு லட்சம் வாங்கியவர் பத்தே மாதத்தில் இன்னொரு லட்சம் கட்டியும் அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டப்படியும் குற்றம்.

அதனால் முதலில் புரோநோட்டுக் கட்டை எடுங்கள். இதற்குப் பணமே வேண்டாம். அசலுக்கு மேல் கட்டி முடித்தவர்களிடம் அந்த நோட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். எத்தனை வீட்டில் அந்தக் கையெழுத்தை நினைத்துத் தூக்கமில்லாமல் இருக்கிறார்களோ. அடுத்தது நகை. கணக்கு நோட்டில் பெயர் இருக்கும். அசல் வட்டியாகவே வந்து சேர்ந்திருந்தால் நகையை அப்படியே கொடுங்கள். வீட்டை இன்றைக்கே விற்க வேண்டாம், குழந்தைகளோடு தெருவில் நிற்கச் சொல்லவில்லை. சகேயுவின் வீட்டில்தான் ஆண்டவர் தங்கினார். ஆனால் வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தவணையாகவாவது கொடுத்து வாருங்கள். அப்படியும் அடையாது என்றால், அன்றைக்கு வீட்டைப் பற்றி யோசியுங்கள்.

கடன் வாங்கியவர் இறந்துபோயிருந்தால்? எண்ணாகமம் 5-இல் அதற்கும் பதில் இருக்கிறது. இனத்தாருக்கு, அதாவது நெருங்கிய உறவினருக்குக் கொடு, அவர்களும் இல்லையென்றால் மட்டும் அது கர்த்தருக்கு. இது எனக்கு அனுபவம். வாலிபத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தபோது கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன், மொத்தம் 2,300 ரூபாய். இரட்சிக்கப்பட்ட பிறகு ஆறு வருடம் தள்ளிப்போட்டேன். கடைசியில் போனபோது முதலாளி உயிரோடு இல்லை. அவருடைய மனைவியிடம் கொடுத்து அழுதேன். அந்த அம்மா வாங்கி எண்ணினார்கள், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார்கள். முதலாளியிடமே மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

எனவே வயதானவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள் சகோதரி. சில வீட்டில் திட்டுவார்கள், வாசலிலேயே நிற்க வைப்பார்கள். பதில் பேசாமல் நில்லுங்கள். உங்கள் கணவருக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், நீங்களும் கூடப் போங்கள்.